என்னைத் திட்ட நானே தட்டச்சு செய்தேன்

இது நடந்தது போன வருடம் ஐப்பசி மாதம், மாரி மழை தொடங்குவதற்குச் சற்று முன்னர். மட்டக்களப்பிலிருந்து தெற்கே, வாவிக்கரையோரம் இருக்கும் எங்கள் ஊரில், பிரதேச சபைக்கு எதிரே எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை இருக்கிறது. லெமினேட், தட்டச்சு, ஒன்லைன் விண்ணப்பம் எல்லாம் உண்டு. ஊரில் யார் எந்தக் கந்தோருக்குக் கடிதம் எழுதுவதென்றாலும் முதலில் என் மேசைக்குத்தான் வருவார்கள். அவர்கள் வாயால் கதையைச் சொல்வார்கள். நான் அதைக் கடிதமாக்கித் தட்டிக் கொடுப்பேன்.

எனக்கு ஒரு கட்சியும் உண்டு. எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். சொன்னால் ஊரில் பாதிப் பேருக்கு என்னைப் பிடிக்காமல் போய்விடும். மற்றப் பாதிப் பேருக்கு என் வாய்க்காகவே ஏற்கெனவே பிடிக்காது.

சபையில் எங்கள் கட்சி எதிர்க்கட்சி. சபையை நடத்தும் தவிசாளர் மற்றக் கட்சிக்காரர். எங்கள் கட்சிக்கு இணையத்தில் ஒரு புளொக், அதாவது ஒரு செய்திப் பக்கம், இருந்தது. மாகாணத்தில் ஆளுநர் தும்மினாலும், எங்கள் சபையில் தவிசாளர் கொட்டாவி விட்டாலும் உடனே அதில் செய்தி வரும். அதை எழுதியவள் நான். இந்த இரகசியம் என் வீட்டுக்காரருக்கும் கட்சியின் உள்ளூர்த் தலைவருக்கும் மட்டுமே தெரியும். தலைவர் போனை எடுக்கிற ஆள் இல்லை. அதனால் எங்கள் உறுப்பினர்கள் கட்சியின் முடிவு என்னவென்று அந்தப் புளொக்கைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வார்கள்.

அவர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா? அவர்களும் ஒரு புளொக் தொடங்கினார்கள். அதற்கு எழுதியவர், பஸ் டிப்போவில் டைம்கீப்பராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர். சூடாக எழுதுவார், ஆனால் கணினி என்றால் பயம். கொப்பித் தாளில் எழுதி எடுத்துக்கொண்டு, சொன்னால் நம்பமாட்டீர்கள், என் கடைக்கே வருவார். தட்டுவதும் நான், அவர்களுடைய புளொக்கில் ஏற்றுவதும் நான், கடவுச்சொல்லும் என்னிடம்.

"தங்கச்சி, அந்தப் பொய்ப்பக்கத்த எழுதுறவன் ஆரெண்டு தெரியா. ஆனா சரியான மடையன். அத அப்பிடியே போடு" என்றார் முதல் நாளே.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தொழில் என்று வந்தால் நான் அரைகுறையாக எதையும் செய்வதில்லை. "வெறும் மடையன் காணுமா அண்ணன்? 'மழைக்கும் பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காத மடையன்' எண்டு போட்டா நல்லா இரிக்கும்" என்றேன்.

அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அதுதான்கா! போடு, கொட்டை எழுத்தில போடு."

இப்படி என்னைத் திட்ட நானே சொல் எடுத்துக் கொடுத்தேன். அவர் படியிறங்கிய கையோடு என் பக்கத்தில் பதில் எழுதுவேன். மறுநாள் வந்து கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டுவார். "பத்து நாப்பதுக்குப் போட்டம், பத்து அம்பத்தஞ்சுக்குப் பதில் வந்திட்டு. இவன் வேலவெட்டி இல்லாதவன்" என்பார். நானும் தலையாட்டுவேன். ஒரு பெண்ணால் இவ்வளவு நன்றாகத் திட்ட முடியாது என்று நினைத்துவிட்டாரே என்பதுதான் எனக்குக் கவலை.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் மதகு வந்தது.

எங்கள் ஊரில் இடியப்பம் அவித்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு அக்கா இருக்கிறார். சைக்கிளின் பின்னால் பெட்டியைக் கட்டிக்கொண்டு காலையில் போவார். அவர் வீட்டு ஒழுங்கையின் வாசலில், வடிகானுக்கு மேலே சின்னப் பாலம் போல் இருக்கும் மதகு ஒரு பக்கம் இடிந்து விழுந்து, மேலே ஒரு பலகைதான் கிடந்தது. ஆவணி மாதம் ஒருநாள் பலகை புரண்டு, அக்கா சைக்கிளோடு கானுக்குள் விழுந்துவிட்டார். அன்றைய இடியப்பம் முழுவதும் சேற்றுக்குள். முழங்காலில் கட்டோடு என் கடைக்கு வந்தார். மாரி வந்தால் ஒழுங்கையே முழங்கால் அளவு தண்ணீரில் நிற்கும், அதற்கு முன் மதகைக் கட்டித் தராவிட்டால் தன் பிழைப்பு போய்விடும் என்று தவிசாளருக்குக் கடிதம் எழுதச் சொன்னார். தான் விழுந்த கதையையும் அதில் சேர்க்கச் சொன்னார்.

கடிதத்தைத் தட்டிக் கொடுத்தேன். அதோடு நின்றிருந்தால் நான் நல்ல மனுஷி. பின்னேரமே அந்த மதகைப் படமெடுத்து, அக்கா விழுந்த கதையோடு எங்கள் புளொக்கில் போட்டேன். 'தவிசாளரின் ஆட்சியில் இடியப்பமும் கானுக்குள்' என்று தலைப்பு. பெயர் போடவில்லை. ஆனால் எங்கள் ஊரில் இடியப்பம் கொண்டு சைக்கிளில் போகிறவர் எத்தனை பேர்? ஊரே பகிர்ந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதற்குப் பிறகு மதகுச் சண்டைதான். அந்த மதகு உங்கள் கட்சிக் காலத்தில் கட்டியது, சீமெந்தில் பாதி மணல் என்று அவர்கள் எழுதினார்கள். உங்கள் கட்சிக்காரரின் டிராக்டர் ஏறித்தான் உடைந்தது என்று நான் எழுதினேன். தவிசாளரோ, இப்போது கட்டினால் அந்தப் பக்கத்துக்குப் பயந்து கட்டியதாகிவிடும் என்று கடிதத்தைக் கிடப்பில் போட்டுவிட்டார். அக்கா இரண்டாம் கடிதத்துக்கு வந்தபோது, "தங்கச்சி, என்ட மதகு இப்ப பெரிய பேர் எடுத்திட்டு. ஆனா பலகதான் அப்பிடியே கிடக்கு" என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்ததாகத்தான் நினைத்தேன்.

ஊர்ச் சனம் நெருக்க, தவிசாளர் கடைசியில் மாரிக்கு முன் செய்யவேண்டிய வேலைகள் என்று ஒரு பட்டியலைச் சபைக்குக் கொண்டுவந்தார். மதகும் அதில் இருந்தது. அவருடைய மச்சான் வீட்டு ரோட்டும் அதில் இருந்தது. ஆகவே முழுப் பட்டியலையும் தோற்கடிப்பது என்று எங்கள் தலைவர் முடிவெடுத்தார். தவிசாளர் பதவி அவர்களிடம் இருந்தாலும், உறுப்பினர் கணக்கில் எங்கள் பக்கம் ஒரு ஆள் அதிகம். பட்டியல் தோற்றால், மாரி முடியும்வரை மதகும் இல்லை.

வாக்கெடுப்புக்கு முதல்நாள் பின்னேரம் டைம்கீப்பர் அண்ணன் வந்தார். 'மாரிக்கு முன் மதகு வேண்டும், பட்டியலை எதிர்த்துக் கை உயர்த்துகிறவர் மக்கள் விரோதி' என்பது அவர் பதிவு. 'பட்டியல் பகல் கொள்ளை, மனச்சாட்சி உள்ளவர்கள் எதிர்த்து வாக்களியுங்கள்' என்று நானும் ஒன்றைத் தட்டி வைத்திருந்தேன். இரண்டு புளொக்கும் திறந்திருந்தன. அவர் "கெதியா போடு, அஞ்சேகால் பஸ் போகப்போகுது" என்று என் தலைக்கு மேலே நின்று அவசரப்படுத்தினார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய் வந்தது. வீட்டுக்காரர் மீன் பையோடு வாசலில் நின்று, வாங்கின மீன் பழுதாகிறது என்று சத்தம் போட்டார். அவசரத்தில் எல்லாவற்றையும் மறுபடி திறந்து, ஒட்டி, ஏற்றிவிட்டுக் கடையைப் பூட்டினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடையைத் திறந்து கணினியைப் போட்டபோதுதான் பார்த்தேன். எங்கள் கட்சியின் புளொக், பட்டியலை எதிர்ப்பவன் மக்கள் விரோதி என்கிறது. தவிசாளரின் புளொக், தவிசாளரின் பட்டியல் பகல் கொள்ளை என்கிறது. தலைவர் கொழும்பில், போன் வழக்கம்போல அணைந்து கிடந்தது. சபை கூடி அரைமணி நேரம் ஆகிவிட்டது. செருப்பைக்கூடச் சரியாகப் போடாமல் ரோட்டைக் கடந்து ஓடினேன்.

மண்டபத்துக்குள் நடந்ததை என்னவென்று சொல்ல? போன கூட்டத்தில் மேசையில் அடித்துக் கத்திய எங்கள் உறுப்பினர் எழுந்து, மதகில்லாத மக்களின் துன்பத்தைப் பற்றிக் கண் கலங்கப் பேசிக்கொண்டிருந்தார். மேலிடம் தவிசாளரைக் கைவிட்டுவிட்டதாக நினைத்துக்கொண்ட உபதவிசாளர், "எனக்கும் இந்தப் பட்டியல்ல ஒரு சந்தேகம் இரிக்கி" என்று இழுத்தார். தவிசாளர் தேத்தண்ணீர்க் கோப்பையைப் பாதி வழியில் பிடித்தபடி திறந்த வாய் மூடாமல் இருந்தார்.

வாசலில் டைம்கீப்பர் அண்ணன் போனை ஆட்டிக்கொண்டு என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, என்ட எழுத்து எப்பிடி அவன்ட பக்கத்தில வந்த? அந்தப் பக்கத்துச் சாவியும் உன்னட்டயா இரிக்கி?"

இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? "சாவி மட்டுமில்ல அண்ணன். அந்த மடையனும் நான்தான்."

மனுஷன் வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "அப்ப அந்த மழைக்கு ஒதுங்கிற கத?" என்று கேட்டார்.

"அதுவும் நான்தான் சொல்லித் தந்தன்."

"நல்லாத்தான் இரிந்த" என்றார், கோபப்பட மறந்துபோய்.

உள்ளே தவிசாளர் வாக்கெடுப்புக்கு ஆயத்தமானார். நான் ஒரு துண்டுத் தாளில், 'பக்கத்தில் பிழை, எதிர்த்து வாக்களிக்கவும்' என்று எழுதினேன். பியோனிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் எங்கள் ஆட்களின் கைக்குப் போய்விடும். கட்சியின் மானம் தப்பும், என் மானமும் தப்பும். பியோனைத் தேடித் திரும்பினேன். பார்வையாளர் உட்காரும் நீள வாங்கின் ஓரத்தில் அந்த இடியப்ப அக்கா இருந்தார். நான் தட்டிக் கொடுத்த கடிதத்தின் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு உறுப்பினருடைய கையையும் பார்த்துக்கொண்டிருந்தார். துண்டுத் தாளைக் கசக்கி என் பையில் போட்டேன். என் வாழ்க்கையில் ஒரு அரசியல் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டிருந்தது அன்று ஒருநாள்தான்.

எங்கள் உறுப்பினர்கள் அத்தனை பேரும் ஆதரவாகக் கை உயர்த்தினார்கள். தவிசாளரின் ஆட்களில் பாதிப் பேர் எதிர்த்தார்கள். பட்டியல் நிறைவேறியது. அன்று பின்னேரம் தலைவர் போன் எடுத்து என்னைக் கிழிகிழியென்று கிழித்தார். இரண்டு நாள் கழித்து, 'பொறுப்புள்ள எதிர்க்கட்சி' என்று சனம் பாராட்டத் தொடங்கியதும், அது தன் தந்திரம் என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தார்.

பதினைந்து நாளில் மதகு எழும்பிவிட்டது. நான் பெரிய புண்ணியம் கட்டிக்கொண்ட நினைப்பில் பார்க்கப் போனேன். அக்கா மதகடியில் நின்றார். "பாத்தீங்களா அக்கா, கட்டியாச்சு" என்றேன், என்னவோ நானே சீமெந்து குழைத்த மாதிரி.

"ஓம் தங்கச்சி, நல்லம்" என்றவர், மெதுவாகச் சொன்னார். "நான் விழுந்த கதைய உன்னட்ட மட்டும்தான் சொன்னனான். கடிதம் சபைக்குப் போக முந்தியே அது பக்கத்தில வந்திட்டு. பிறகு, சந்திச் சாப்பாட்டுக் கடைக்காரர் என்னட்ட இடியப்பம் எடுக்கிறத்த நிப்பாட்டிட்டார். கானுக்குள்ள விழுந்த இடியப்பத்த அள்ளிக் கழுவிக் கொண்டாறனாம் எண்டு ஆரோ சொல்லியிரிக்காங்க."

அதை எழுதியது நான் என்று தெரிந்துகொண்டே இரண்டு மாதம் என்னிடம் வந்தீர்களா என்று கேட்டேன்.

"மறுகா என்ன செய்ய? இந்த ஊரில தட்டச்சுக் கடை வேற எங்க இரிக்கி?"

அவர் சொல்லிக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையைத்தான் சொன்னார். அதனால்தான் தாங்கமுடியவில்லை. நேரே சந்திக் கடைக்குப் போனேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம், கடை நிறைய ஆட்கள். முதலாளியிடம், அந்தப் பக்கத்தை எழுதியது நான், அக்கா அன்று ஒரு இடியப்பத்தைக்கூட அள்ளவில்லை, வெறும் பெட்டியோடு முழங்காலில் இரத்தம் வடிய வீட்டுக்குப் போனார், இந்தக் கதைக்கெல்லாம் காரணம் என் விளையாட்டு மட்டும்தான் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாள் காத்த இரகசியம் அரை நிமிடத்தில் ஊர்ச்சொத்தாகிவிட்டது.

முதலாளி கரண்டியைக் கீழே வைத்தார். "அவவ நாளைக்கே கொண்டுவரச் சொல்லுங்க. ஆனா உங்கட பக்கத்தில எங்கட கடை மட்டும் வரப்படாது, சொல்லிட்டன்."

இன்றைக்கும் நான் அதே கட்சிதான், தவிசாளரைத் திட்டுவதையும் விடவில்லை. டைம்கீப்பர் அண்ணனும் வருகிறார், இப்போது 'மடைச்சி' என்று எழுதிக் கொண்டுவருகிறார். ஆனால் யாராவது என் மேசைக்கு முன்னால் இருந்து தங்கள் துன்பத்தைச் சொல்லத் தொடங்கினால், முதலில் இரண்டு புளொக்கையும் மூடிவிட்டுத்தான் கேட்கிறேன். எத்தனையோ பேரைத் திட்டி எழுதியிருக்கிறேன், அதற்காக ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. என்னால் பிழைப்பில் மண் விழுந்த ஒருத்தி, எல்லாம் தெரிந்தும் ஒரு சுடுசொல் சொல்லாமல், என்னையே நம்பி இரண்டாம் கடிதத்துக்கும் வந்து இருந்ததை நினைத்தால்தான் இன்னும் என் தலை தானாகக் குனிகிறது.