வேப்பிலைக்கு அடங்காத கொப்புளம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஸ்காபரோவில் பனி கொட்டிய ஒரு மாசி மாதத்தில் இது நடந்தது. எழுதத் துணிவதற்கே இவ்வளவு காலம் பிடித்தது. பஸ்ஸை நிறுத்தச் சொல்லி மணி அடிக்கவே வெட்கப்பட்டு, அடுத்த தரிப்பில் இறங்கித் திரும்பி நடந்து வருகிற ஆள் நான். பாண் சுடும் தொழிற்சாலையில் பொதி கட்டுகிற வேலை. மகள் வேறு நகரத்தில் படிக்கிறாள். வீட்டில் நானும் மனைவியும்தான்.

முதலில், சொல்லக் கூச்சமான அந்த இடத்தில் ஒரு குறுகுறுப்பும் எரிவும் இருந்தது. குளிருக்காக உள்ளே போடும் இறுக்கமான உடுப்பின் வேலை என்று நினைத்தேன். மறுநாள் அதிலேயே சின்னச் சின்னக் கொப்புளங்கள், கொத்தாக. காய்ச்சல், உடம்பு உளைவு, தொடை இடுக்கில் நெறி கட்டிய வீக்கம். சிறுநீர் போகும்போது கண்ணில் தண்ணீர் வந்தது.

மனைவியிடம் மறைக்க முடியவில்லை. பார்த்துவிட்டு, இது அம்மாள் வருத்தம் என்று சொல்லிவிட்டாள். அம்மை நோயை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்வார்கள். இந்த இடத்திலுமா அம்மாள் வருவா என்று நான் கேட்டதற்கு, நக்கல் அடிக்காதேங்கோ என்று வாயை அடைத்தாள். அன்றைக்கே எனக்குத் தனித் தட்டு, தனிக் கோப்பை, தனித் துவாய். மச்சம் மாமிசம் நிறுத்தம்.

வேப்பிலைக்கு எங்கே போவது? மேல் மாடியில் ஓர் அன்ரி, ஹீற்றருக்குப் பக்கத்தில் சாடியில் ஒரு வேப்பங்கன்று வளர்க்கிறார். மனைவி போய் நாலு இலை கேட்க, கட்டிடம் முழுக்கச் செய்தி பரவிவிட்டது. இளநீர் வந்தது, தோடம்பழம் வந்தது. பின்னால் அன்ரியும் வந்தார். கதவடியில் நின்றபடி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"முகத்தில ஒண்டையும் காணேல்லையே தம்பி. அம்மாள் எங்கை இறங்கியிருக்கிறா?"

முதுகில் என்று பொய் சொன்னேன். அப்படியென்றால் சட்டையைக் கழற்றும் பார்ப்போம் என்று உள்ளே ஓர் அடி வைத்தார். வருத்தம் ஆறித் தலைக்குத் தண்ணீர் வார்க்கும் வரைக்கும் ஒருவரும் பார்க்கக் கூடாது என்று மனைவி புதிதாக ஒரு விதியை அந்த இடத்திலேயே உண்டாக்கி என்னைக் காப்பாற்றினாள்.

கொப்புளங்கள் உடைந்து புண்ணாகின. இனிப் பொறுக்க முடியாது என்று, தெரிந்த தமிழ் டாக்டரைத் தவிர்த்து, இரண்டு பஸ் மாறி, எங்களை ஒருவரும் அறியாத ஒரு கிளினிக்குக்குத் தனியாகப் போனேன். கதவைத் திறந்துகொண்டு வந்த டாக்டர் ஒரு தமிழ்ப் பெண்பிள்ளை. கனடாவில் பிறந்தவர், என் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். எழும்பி ஓடலாமா என்று யோசித்தேன். அவருக்கு வீட்டில் பழகிய தமிழ்தான். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. பார்த்தார், ஒரு புண்ணில் பஞ்சுக் குச்சியால் தொட்டுச் சோதனைக்கு எடுத்தார், பிறகு சொன்னார்: "இது ஹெர்பீஸ் மாதிரி இருக்கு அங்கிள். செக்ஸால வாறது. வெரி கொமன்." குளிசையும் எழுதித் தந்தார்.

நான் என் மனைவியைத் தவிர வேறு ஒருவரையும் அறியேன். வீட்டுக்கு வந்து அவளிடம் அப்படியே சொன்னேன். அவள் கறி அடுப்பை நிறுத்தினாள்.

"எனக்கு உங்களை மட்டும்தான் தெரியும். உங்களுக்கு?"

எனக்கும் அப்படித்தான் என்றேன். ஆனால் கூச்சத்தில் குரல் உள்ளே போய், கள்ளன் பேசுவது போல இருந்தது. வேலையிடத்துக் கழிவறையில் தொற்றியிருக்கும் என்று வேறு உளறிவைத்தேன். அதோடு அவளுக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது. தனித் தட்டு தொடர்ந்தது, வேப்பிலை மட்டும் நின்றுவிட்டது. என்னோடு வேலை செய்கிற பெண்களைப் பற்றியெல்லாம் ஒவ்வொருவராக என்னிடம் விசாரித்தாள். மகளிடம் போய் இருக்கப் போகிறேன் என்று பெட்டியையும் இறக்கி வைத்தாள். குளிசையால் புண் காய்ந்தது, எனக்கோ சோறு இறங்கவில்லை.

சோதனை முடிவு வந்த அன்று, தானும் வருவேன் என்று கூடவே வந்தாள். எனக்காக அல்ல, டாக்டரின் வாயால் உண்மையைக் கேட்க. உட்கார்ந்ததும் உட்காராததுமாக, இது எந்தப் பொம்பிளையிடம் இருந்து வந்தது என்று சோதனையில் தெரியுமா என்று கேட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. யாரிடமிருந்து, எப்போது என்று சோதனை சொல்லாது, இந்தக் கிருமி வருடக்கணக்காக உடம்பில் சத்தமில்லாமல் கிடக்கும், பல பேருக்குத் தங்களிடம் இருப்பதே தெரியாது என்றார். இதில் இரண்டு வகை உண்டு, அங்கிளுக்கு வந்திருப்பது முதலாவது வகை, உதட்டில் கொப்புளம் போடுவதும் பெரும்பாலும் அதுதான் என்றார்.

"அன்ரி, உங்களுக்கு உதட்டில புண் வாறதோ?"

மனைவியின் கை தானாக உதட்டுக்குப் போனது. குளிர் காலத்தில் அவளுக்கு உதட்டோரம் பொக்குளிக்கும். சூடு என்று சொல்லி வெந்தயத் தண்ணீர் குடிப்பாள். அந்த வாய் படுகிற இடத்திலெல்லாம் அது ஒட்டலாம், புண் இல்லாத நாளிலும் சில வேளை ஒட்டலாம் என்று டாக்டர் வெளிப்படையாகச் சொன்னார். நான் நிலத்தைப் பார்த்தேன். மனைவி சுவரில் இருந்த சிறுநீரகப் படத்தை மிகக் கவனமாகப் பார்த்தாள்.

"அப்ப ஆருடைய பிழை, பிள்ளை?"

"ஒருத்தற்றை பிழையும் இல்லை அன்ரி. சின்ன வயசில ஆராவது உங்களுக்கு முத்தம் தந்து கொஞ்சேக்கை வந்திருக்கும்."

தட்டாலும் துவாயாலும் கழிவறையாலும் இது பரவுவதில்லை, தோலோடு தோல் படுவதால்தான் பரவும் என்றார். குறுகுறுப்புத் தொடங்கினதில் இருந்து புண் முழுதாக ஆறும் வரைக்கும் விலகி இருக்க வேண்டும், ஆணுறை ஓரளவுக்குக் காக்கும், கிருமி உடம்பை விட்டுப் போகாது, ஆனால் குளிசையால் அடக்கி வைக்கலாம். உதட்டில் புண் இருக்கும்போது கைக்குழந்தைகளை முத்தமிட்டுக் கொஞ்சவே கூடாது, அவர்களுக்கு அது ஆபத்து என்பதை மட்டும் இரண்டு தரம் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துக் கையைப் பிடித்தேன். பார்த்தால், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்.

"எவ்வளவு பேசினன் உங்களை. ஒரு சொல்லு திருப்பிப் பேசேல்லையே நீங்கள்."

"நீர் பேச விட்டனீரே?"

அன்று இரண்டு பேரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அதன் பிறகு ஒரு தரம் அது திரும்ப வந்தது. முதல் தரம் போல வலிக்கவில்லை, அறிகுறி தெரிந்ததால் நேரத்தோடு குளிசை எடுத்தேன், அவளுக்கும் வாய் திறந்து சொன்னேன். அவளும் உதடு குறுகுறுத்தால் குசினி அடுப்படியில் இருந்தே அறிவித்துவிடுகிறாள், அந்த நாட்களில் சொந்தக்காரர் வீட்டுக் குழந்தைகளைத் தூரத்தில் இருந்தே பார்த்துச் சிரிக்கிறாள். இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் நாங்கள் வாய்விட்டுப் பேசாத சங்கதிகளை ஒரு மிளகளவு கொப்புளம்தான் பேச வைத்தது என்பதை நினைத்தால், எனக்கு இப்போதும் வெட்கமும் சந்தோஷமும் சேர்ந்தே வருகிறது.