கூடை ஏறிய கரண்ட் ஆட்டோ

"...எறங்குக்கா, உன் மீன் நாத்தத்துக்கு வேற எவன் ஏறுவான்?" என்று ஷேர் ஆட்டோ சேகர் என்னையும் கூடையையும் புதுப்பட்டினம் ரோட்டிலேயே இறக்கிவிட்டான். அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

அடுத்த வருஷம், புகை விடாத வண்டியை ஊருக்குக் காட்ட, மாமல்லபுரம் வரைக்கும் கரண்ட் ஆட்டோ பந்தயம் வைத்தார்கள். ஜெயித்தவனுக்கு அந்த ஆட்டோவே பரிசு. வாடகை வண்டி ஓட்டிய சேகர் அதற்காகத் தவம் கிடந்தான். ஒவ்வொரு வண்டியிலும் ஒரு வியாபாரி சுமையோடு ஏற வேண்டும். சீட்டுக் குலுக்கியதில் அவன் வண்டிக்கு நான்! சாமி கண் திறந்துவிட்டது என்று நினைத்தேன்.

மெதுவாக ஓட்டினால்தான் சார்ஜ் நிற்கும் என்று வண்டி கொடுத்தவர்கள் சொன்னதை நானும் கேட்டிருந்தேன். அதனாலேயே வழியெல்லாம் உசுப்பிவிட்டேன். "இன்னா நைனா, சைக்கிள்காரன் முந்திக்கினு போறான்!" அவனும் பெட்ரோல் வண்டிப் பழக்கத்தில் முறுக்கினான். முதலாவதாகப் போன வண்டி, முடிவுக் கோடு கண்ணுக்குத் தெரிந்த இடத்தில் நின்றே போனது.

மற்றவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"சார்ஜ் போவட்டும்னுதான் உசுப்புனேன். அன்னிக்கு எறக்கிவுட்டல்ல?" என்றேன். அவன் திட்டினால்தான் என் மனசு ஆறும்.

அவன் அந்த ஹேண்டில்பாரிலிருந்து கையை எடுத்தான். பிறகு, "வெயில் ஏறுதுக்கா, மீன் கெட்டுடும்" என்று இறங்கி, கூடையைத் தன் தலையில் ஏற்றிக்கொண்டு, மீன் தண்ணீர் காக்கிச் சட்டையில் வழிய வழிய மாமல்லபுரம் மார்க்கெட்டைப் பார்த்து நடந்தான்.