நல்ல பிள்ளை என்று எழுதிக்கொடுத்தேன்

ஒருவனைப் பற்றி அவன் பக்கத்து வீட்டில் கேட்டு, கேட்டதை நம்பி எழுதிக்கொடுப்பது என் பிழைப்பு. வாடகைக்கு ஆள் வைக்கும்போதும் பெண் கொடுக்கும்போதும் விசாரித்து ஏமாந்த நீங்கள் இதில் எனக்குப் பங்காளிகள்தான். அதனால் சொல்ல வெட்கமில்லை.

எட்டாவதோடு படிப்பை விட்டு, வில்லியனூரில் பழைய பைக் புரோக்கராக வெயிலில் நின்று, அடி வாங்கி, சண்டை போட்டு வாயாலேயே முன்னுக்கு வந்தவன் நான். பேரம் பேசுகிறவனுக்கு ஆளை எடைபோடத் தெரியும் என்று நம்பித்தான் தனியார் பள்ளிக்கூடங்கள் இந்த வேலையைக் கொடுக்கின்றன. புதிதாகச் சேரும் வாத்தியார், வேன் டிரைவர், ஆயா எல்லாரையும் அக்கம்பக்கத்தில் விசாரித்து, 'வைக்கலாம்' அல்லது 'வேண்டாம்' என்று எழுத வேண்டும்.

மூன்றாவது நாள்

ஜூன் மாதம், பள்ளி திறக்கும் நேரம். வில்லியனூர் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தாளாளர் இரண்டு பெயர் கொடுத்தார். ஒன்று வேன் ஆயா செல்வி. இன்னொன்று கணக்கு வாத்தியார் அருள். பத்து நாள் வேண்டும் என்றேன். இரண்டு நாள் என்றார். நான் கத்தினேன், அவர் டீ வரவழைத்தார், மூன்று நாள் என்று பேரம் முடிந்தது. ஒரு நாளைக் கறந்துவிட்ட பெருமையில் எழுந்தேன். போலீஸ் விசாரணை இல்லையா என்று வாசலில் நின்றுதான் கேட்கத் தோன்றியது.

"போலீஸ் சர்டிபிகேட்டுக்கு எழுதிப் போட்டுட்டோம்பா, அது வர்றதுக்குள்ள அரப்பரீட்ச வந்துடும். நீ சொன்னா வெச்சிக்கிறேன், போ."

தெருக்குழாய்

செல்வி புருஷன் இல்லாத பெண். ஆயா வேலை கிடைத்தால் ஆறாவது போகும் மகள் கவிதாவுக்கு அதே பள்ளியில் பாதி ஃபீஸில் இடம் உண்டு. அதற்காகத்தான் இந்த வேலையே. எதிர்வீட்டுக்காரி அவளுக்குக் கை நீளம் என்றாள். என்ன காணாமல் போனது என்று கேட்டேன். தோண்டிப் பார்த்தால் தெருக்குழாயில் குடம் வைத்த தகராறு.

எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. இரண்டு பேரிடமும் தெருவில் வைத்தே கத்தினேன். அதோடு விட்டேனா, செல்வியை உட்காரவைத்துத் துருவினேன். புருஷன் எங்கே, பழைய வேலையை ஏன் விட்டாய், போனில் யார் பேசுகிறார்கள்? தலையைக் குனிந்தபடி எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். 'வைக்கலாம்' என்று எழுதினேன். கிளம்பும்போது சொன்னாள்:

"எதிர்த்த வூட்டோட நாங்க பேசிக்கிற நாளா பாத்து வந்திருக்கலாம் சார் நீங்க."

பாகூர்க் கடிதம்

அருள் முன்பு வேலை பார்த்தது பாகூர் பக்கம் ஒரு பள்ளி. அங்கிருந்த கிளார்க் மேஜை டிராயரைத் திறந்தார். உள்ளே ஒரு கட்டு கடிதம். 'நடத்தை நன்று. சொந்தக் காரணங்களுக்காக விலகினார்.' எல்லாம் ஏற்கெனவே அடித்து வைத்தது, பெயர் மட்டும் காலி. அருள் பெயரை எழுதி முத்திரை குத்தினார். ஏன் விலகினார் என்று கேட்டேன். கிளார்க் முதல்வர் அறைக் கதவைப் பார்த்தார். இன்னாங்க, எல்லாருக்கும் ஒரே நடத்தையா என்றேன்.

"இருக்கறவங்களப் பத்திதான் சார் இங்க கொற சொல்லுவோம். போனவங்க எல்லாருமே நல்லவங்கதான்."

செல்லிப்பட்டில் காப்பி

மூன்றாவது நாள் அருளின் ஊருக்குப் போனேன். பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன் என்றால் ஜனங்கள் போலீஸைப் பார்த்ததுபோல் வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் ஃபைலை வண்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, வெள்ளைச் சட்டையோடு வெறுங்கையாகப் போவது என் வழக்கம். அருள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டு மரியம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "பொண்ணு வூடா நீங்க?" என்று கேட்டார். கல்யாணமாகாத வாத்தியாரைப் பற்றி வெள்ளைச் சட்டைக்காரன் கேட்டால் வேறு என்ன நினைப்பார்கள்? நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாற்காலி வந்தது, காப்பி வந்தது. குடி இல்லை, சீட்டு இல்லை, ஞாயிறு தவறாமல் கோயில், தங்கமான பிள்ளை. கடைசியாக ஒன்று சொன்னார். நானும் சிரித்தேன்.

பழைய வண்டி விற்பவன் 'கிளட்ச் மட்டும் லேசா இழுக்கும், அவ்வளவுதான்' என்றால் இஞ்சினே போயிருக்கிறது என்று தெரிந்தவன் நான். ஆனால் நானே முன்கோபக்காரன். அருளுக்கும் 'வைக்கலாம்' என்றே எழுதிக்கொடுத்தேன்; மரியம்மாள் சொன்னது எனக்கு ஒரு குறையாகவே படவில்லை.

"கோவம் மட்டும் கொஞ்சம் வரும், அவ்ளோதான். ஒரு கால்கட்டு போட்டா அடங்கிடும்."

இடது காது

ஆகஸ்டில் செல்வி போன் செய்தாள், ஆஸ்பத்திரியிலிருந்து. பதிமூன்றாம் வாய்ப்பாட்டில் கவிதா தடுமாறியிருக்கிறாள். அருள் அறைந்ததில் இடது காதில் செவிப்பறை கிழிந்துவிட்டது. போனேன். பிள்ளை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது. அவனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வராந்தாவில் குரலை உயர்த்தினேன். அத்தனை சத்தத்துக்கும் பிள்ளை திரும்பவில்லை. வலது காது தலையணையில் இருந்தது. செல்வி அழவில்லை. மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்னய அத்தினி கேள்வி கேட்டீங்களே சார், அவர ஒண்ணாவது கேட்டீங்களா?"

மறுபடி செல்லிப்பட்டு

அங்கிருந்து நேராக மரியம்மாள் வீட்டு வாசலுக்குப் போனேன். வண்டியை நிறுத்தும்போதே கத்த ஆரம்பித்துவிட்டேன். அவர் முழுதும் கத்தவிட்டார். பாகூரில் ஒரு பையனின் விரலை அருள் ஸ்கேலால் அடித்து உடைத்ததும், அதற்குப் பிறகுதான் அங்கே ராஜினாமா வாங்கிக்கொண்டதும் அந்தத் தெருவுக்கே தெரியும் என்றார். அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்றேன். என் வெள்ளைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு கல்யாணத்த கெடுத்த பாவம் நமக்கு எதுக்குன்னு இருந்துட்டோம். ஸ்கூலுக்குன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நானே கூடாதுன்னு சொல்லியிருப்பனே."

அருள் போய்விட்டான், 'நடத்தை நன்று' என்று இந்தப் பள்ளியும் முத்திரை குத்திக் கொடுத்த கடிதத்தோடு. காது ஆற நாளாகும் என்கிறார்கள். செல்வி இன்னமும் வேனில் மகளுக்கு வலது பக்கமாகவே உட்கார்ந்து போகிறாள்.

நானும் இப்போதெல்லாம் வண்டியை நிறுத்தியதுமே பள்ளிக்கூடத்திலிருந்து வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். ஒரு வீட்டிலும் காப்பி கொடுப்பதில்லை.