தர்சினியும் மெதுவான கேபிளும்

நடந்தவற்றை எல்லாம், எனக்குப் பாதகமானவற்றையும் சேர்த்து, உள்ளபடியே எழுதப் போகிறேன். கணினி மன்றத்தில் தர்சினியோடு பழகிய உங்களிடம் அவளைப் பற்றிப் பொய் சொல்லவும் முடியாது.

செய்தி, பள்ளிக்கூடம் போகும் வழியில், பஸ் நிலையத்தில் எனக்குக் கிடைத்தது. கப்பல்துறையிலிருந்து வரும் எங்கள் வகுப்புக் கமலினி, பஸ்ஸால் இறங்கியதும் இறங்காததுமாக, “எடியே, சீரியல் செத்துப் போனாளடி” என்றாள். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பட்டத்தைத் தர்சினிக்கு வைத்தவள் நான்.

பாடசாலைக் கண்காட்சிக்காகத் தர்சினியும் நானும் பழைய கணினிகளைக் கொண்டு ஓர் ஒப்பீடு செய்துகொண்டிருந்தோம். விளையாட்டுப் போட்டியின் படங்கள் அடங்கிய ஒரே கோப்பை, துண்டு பிரித்து நிரப்பும் புளொப்பிகள், தரவை ஒவ்வொரு துணுக்காக அனுப்பும் சீரியல் கேபிள், பரலல் கேபிள், ஹாட் டிஸ்க்கின் அகலமான நாடாக் கேபிள், யூஎஸ்பி என்று ஒவ்வொரு வழியாலும் அனுப்பி, எதற்கு எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை. தர்சினி அநேகமாகப் பிந்தித்தான் வருவாள். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது.

“எங்கயடி நிண்டனீ?”

“செக்பொயின்ற்றில. ஆமி எல்லாரையும் இறக்கி, ஒராள் ஒராளாத்தான் விட்டவங்கள்.”

“அப்ப நீ சீரியல்தான்” என்றேன். வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். “ஓமடி, பரலல் எண்டா எட்டு வாசலால எட்டுப் பேர் ஒண்டா வருவினம். சீரியல் எண்டா எங்கட கப்பல்துறை பஸ்” என்று சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்கு விளக்கியும் காட்டினாள். அவள் சிரித்ததால் அது நோகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நான் இருப்பது அன்புவழிபுரத்தில். எனக்குப் பள்ளிக்கூடம் சைக்கிள் தூரம்.

யூஎஸ்பியைச் சோதித்த அன்று நான் முடிவை நம்பவில்லை. அதுவும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் அனுப்புகிறது. ஆனால் எட்டு வாசல் வைத்திருக்கும் பரலலை எங்கோ பின்னால் விட்டுவிட்டது. “பிழையா எடுத்திட்டம்” என்றேன். தர்சினி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: “வரிசையில பிழை இல்லையடி. மறிக்காம விட்டா ஒற்றை வரிசையும் பறக்கும்.”

ஹாட் டிஸ்க்கில் நாங்கள் விட்ட பிழை உங்களில் சிலருக்குத் தெரியும். இரண்டாம் முறை பிரதி எடுத்தபோது கண்மூடித் திறக்குமுன் முடிந்துவிட்டது. நான் துள்ளிக் குதித்து, அந்த நேரத்தை அட்டையில் பெரிதாக எழுதப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

“இது டிஸ்க்கில இருந்து வரேல்லை. முதல் எடுத்ததை மெமரியில வைச்சிருந்து தருது. நிப்பாட்டிப் போட்டு முதல்ல இருந்து எடு.”

“ஆருக்கடி தெரியப் போகுது? உனக்கு விசர்.”

“ஓம், விசர்தான். பார்க்காததை எழுதாத.”

அதன்பின் ஒவ்வொரு முறையும் கணினியை நிறுத்தி, மீண்டும் இயக்கித்தான் அளந்தோம். கடைசியில் மிஞ்சியது சீரியல் கேபிள் மட்டும். அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தேவைப்படும். ஒவ்வொரு முறையும் இடையில் கரண்ட் போனது. பிறகு தர்சினிக்குக் காய்ச்சல் வந்தது.

செத்த வீட்டில் அவளுடைய அம்மா என்னைப் பக்கத்தில் இருத்தி வைத்திருந்தார். காய்ச்சல் ஏறிய அன்று மாலையே வீதியை மூடிவிட்டார்களாம். விடிந்த பிறகு ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவில் புறப்பட்டு, சோதனைச் சாவடியில் மகளை இறக்கி வரிசையில் நின்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பிந்திவிட்டதாம். “என்ர தோளில சாய்ஞ்சு கொண்டு, ‘அம்மா, நான் சீரியலில போறன்’ எண்டு சிரிச்சவள் பிள்ளை. அது என்ன கதை? உங்களுக்குத் தெரியுமே?”

“கொம்பியூட்டர் பாடம், அம்மா” என்றேன். பட்டம் வைத்தது நான் என்பதை மறைத்துவிட்டேன். இதை வாசிக்கும் யாராவது அவரிடம் மிச்சத்தைச் சொல்லுமுன், நானே போய்ச் சொல்ல வேண்டும்.

கண்காட்சிக்கு முதல்நாள் எங்கள் அட்டையில் சீரியலுக்கான இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. “கணக்குப் பார்த்து எழுதிவிடுங்கோ பிள்ளை. வெறுமையா இருந்தா புள்ளி வெட்டுவினம்” என்றார் ரீச்சர். கணக்கு எனக்குத் தெரியும், பேனையையும் எடுத்துவிட்டேன். ஆனால் எழுத முடியவில்லை. பாடசாலை விட்டதும் இரண்டு கணினிகளையும் கேபிளால் இணைத்து, தனியே தொடங்கினேன்.

எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டும் கோடு திரையில் மெல்ல மெல்ல நீண்டது. பாதியைத் தாண்டியும் கரண்ட் போகவில்லை. எனக்குச் சந்தோசமாக இருந்தது. “பாத்தியோடி!” என்று பக்கத்துக் கதிரைக்குத் திரும்பினேன். அவ்வளவு நேரமும் அவள் இறந்ததையே மறந்திருந்திருக்கிறேன். பட்டம் வைத்ததை விட அதுதான் எனக்கு இன்னமும் கூடக் குற்றமாகத் தெரிகிறது.

காவலாளி ஐயா வாசலில் வந்து நின்றார். “பிள்ளை, ஊரடங்கு வரப் போகுது. வெளிக்கிடுங்கோ.”

“கொஞ்சம்தான் ஐயா மிச்சம்.”

“வீதியை மூடினா நீங்கள் என்னெண்டு போவியள்?”

தர்சினியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது பார்த்ததை மட்டும் எழுதும் பிடிவாதம் ஒன்றுதான். அதனால் அனுப்புவதை இடையில் நிறுத்தி, அட்டையில் சீரியலுக்கு நேரே, கோடு எந்த இடம் வரை வந்தது என்பதையும், அதுவரை சென்ற நேரத்தையும், “முடியவில்லை” என்பதையும் எழுதினேன். கீழே இரண்டு பெயர்களையும் போட்டேன், அவளுடையதை முதலில். காவலாளி ஐயா விளக்குகளை அணைத்தார்.