அதிபரை நீக்கச் சொல்ல நான் யார்

விடுமுறைக்குப் புதுச்சேரி வந்தும் என் கைப்பேசி பிரான்சை விட்டு வரவில்லை. கதிர்காமத்தில் அண்ணன் வீட்டுச் சமையலறையில் அண்ணி சங்கரா மீன் வறுத்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் சட்டக் குழு விவாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நமக்கு நண்பகல், அங்கே காலை. ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக் கத்துவதைக் கேட்டு, யார் வீட்டில் சாவு என்றார் அண்ணி. அதிபரைப் பதவியிலிருந்து நீக்கலாமா என்று பேசுகிறார்கள் என்றேன். ‘தெஸ்தித்யூசியோன்’ என்பார்கள் பிரெஞ்சில். அண்ணி மீனைத் திருப்பிப் போட்டார்.

பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவரைக் கல்யாணம் செய்துகொண்டு பாரிஸ் புறநகருக்குப் போய் இருபத்திரண்டு வருடமாகிறது. அங்கே மருத்துவமனையில் நோயாளிகளைக் குளிப்பாட்டி ஊட்டிவிடும் வேலை எனக்கு. நானும் அந்நாட்டுக் குடிமகளானேன். கடந்த நாடாளுமன்றத் தேர்தலில் சீருடையைக்கூட மாற்றாமல் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். முதலிடம் வந்த அணியை ஒதுக்கிவிட்டு அதிபர் வேறொருவரைப் பிரதமராக்கியபோது, என் ஓட்டை என் கண்ணெதிரே கிழித்ததுபோல் இருந்தது. மருத்துவமனைச் சாப்பாட்டு அறையில் நான் இதைச் சொல்லிப் பொருமியபோது, கூட வேலை செய்யும் ஒருத்தி, “உன் அதிபர் எப்படி?” என்றாள். அவரைத்தானே திட்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். எனக்குக் கேள்வி புரியவில்லை என்று நினைத்து, “இல்லை, உன் நாட்டு அதிபர்” என்று ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள்.

அண்ணன் வக்கீல். சாப்பிடும்போதே வாதத்தைத் தொடங்கிவிட்டார். ஒருவரைப் பிடிக்கவில்லை என்பது நீக்கக் காரணமாகாது. இந்தியாவில் அரசியலமைப்பை மீறினால்தான் குடியரசுத் தலைவரை நீக்க முடியும் என்றார். பதவிக்குச் சற்றும் பொருந்தாதபடி கடமை தவறினால் போதும், பிரெஞ்சுச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்றேன் நான். “அது கோணிப் பை மாதிரி செல்வி. எத வேணா உள்ள திணிச்சிடலாம்” என்றார். மக்கள் தீர்ப்பை மதிக்காதது கடமை தவறியதாகாதா என்று கேட்டேன். அண்ணன் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

சட்டக் குழு நீக்கத் தீர்மானத்தை நிராகரித்துவிட்டது. ஆனாலும் முழு அவைக்கு அது வர வழியிருந்தது. அந்த வாரம் புதுச்சேரியில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்களின் கூட்டம் ஒன்று நடந்தது. பாரிஸிலிருந்து அரசியல் பிரமுகர் ஒருவர் பேச வந்திருந்தார். அண்ணனையும் கூட்டிக்கொண்டு போனேன். நான் எழுந்து, நீக்குவதற்கான காரணம் சட்டமா அரசியலா, இதை யார் முடிவு செய்வது என்று பிரெஞ்சில் கேட்டேன். அவர் கனிவாகச் சிரித்து, குடியுரிமை விண்ணப்பங்களுக்குத் தனி அலுவலகம் இருக்கிறது மதாம் என்றார். சில பேர் சிரித்தார்கள். நான் மறுபடியும் கேட்பதற்குள், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் முன்வரிசையிலிருந்து திரும்பினார்.

“உக்காரும்மா. அது அவுங்க வூட்டு விசயம். நமக்கு இன்னாத்துக்கு?”

“ஓட்டு போட்டவ நான். எப்படிங்க அவுங்க வூட்டு விசயமாவும்?” என்றேன்.  மைக் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு உடம்பு எரிந்தது. அண்ணன் ஆறுதலாக, இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்றார். குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கப் புதுச்சேரி எம்.எல்.ஏ.க்களுக்கு ஓட்டு உண்டு, நீக்குவதென்றால் நாடாளுமன்றம் மட்டும்தான், இவர்களுக்கு அதில் இடமே இல்லை என்றார். இதைக் கேட்டுக்கொண்டு எப்படிச் சும்மா இருக்கிறீர்கள், உங்கள் எம்.எல்.ஏ.விடம் போய்க் கேட்டால் என்ன என்று சீறினேன். அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டார்.

“நீ இங்க ஓட்டு போடுறவ இல்ல. அத நீ கேக்காத.”

அந்தப் பெரியவர்மேல் வந்ததைவிட இதில் எனக்குக் கோபம் அதிகம். 

மறுநாள் காலை, எங்கள் புறநகர்த் தொகுதி உறுப்பினருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். அவையில் விவாதம் வேண்டும் என்று கேட்டேன். அண்ணன் தானாக வந்து பக்கத்தில் அமர்ந்தார். பிரெஞ்சு தெரியாதவருக்கு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். வசவுகளை அடித்துவிடச் சொல்லி, காரணங்களை வரிசைப்படுத்தித் தந்தார். என் வாதத்தைவிட அது கூர்மையாக இருந்தது. கையெழுத்தில் அவருக்கு இடமில்லை. 

கடிதம் போய்ச் சேரும் முன்பே, தீர்மானம் அவைக்கு வராது என்று முடிவாகிவிட்டது. பதிலும் வரவில்லை. பிரெஞ்சு முறைப்படி எந்த ஊரிலிருந்து எழுதுகிறோம் என்பதை மேலே குறிக்க வேண்டும். புதுச்சேரி என்று எழுதினால் உறுப்பினர் தன் தொகுதிக்காரி இல்லை என்று ஒதுக்கிவிடுவார் எனத் தெரிந்தும் அப்படியே எழுதியிருந்தேன். கையெழுத்துக்குக் கீழே என் பிரெஞ்சு வீட்டு முகவரி. அந்த இரண்டு ஊர்களுக்கும் நடுவே, ஒரு பக்கம் முழுக்க என் கோபம்.