வைக்கோல் வண்டிக்குப் பின்னால் இருபத்தேழு கிலோமீட்டர்

சென்ற ஆடி மாதம், இரண்டாம் ஞாயிறு, காலை 10.50. செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை திரும்பும் சாலையில், ஒரு புளியமரத்தடியில், சைக்கிளிலிருந்து இறங்காமல் ஒற்றைக் காலை ஊன்றி நின்று அழுதேன். ஐம்பத்து மூன்று வயதில், தலைக்கவசத்தோடு.

அண்ணாமலையாரின் அன்பர்களே, நான் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு அலுவலகத்தில் பதிவறை எழுத்தர். நாட்குறிப்பு எழுதாமல் படுத்ததில்லை. இங்குள்ள நேரங்கள் எல்லாம் அதில் இருப்பவை.

எங்கள் ஊர்ச் சிறப்புப் பள்ளிக்கு உதவி திரட்ட நடந்த சைக்கிள் பயணம் அது. செஞ்சிக் கோட்டை வரை போய்த் திரும்ப வேண்டும். எனக்குக் கொடையாளர் என் மனைவியின் தம்பி சேகர். கீழ்பென்னாத்தூரில் அரிசி ஆலை வைத்திருக்கிறார். அந்தப் பள்ளியில் படிக்கும் செல்வியை அவள் அப்பா தினமும் தூக்கிக்கொண்டு வருகிறார். அவளுக்குச் சக்கர நாற்காலி வாங்கித் தருவதாகச் சேகர் சொன்னார். பந்தயம் என்றால் அவருக்கு உயிர். மதியம் ஒரு மணிக்குள் நான் முழுத் தூரமும் ஓட்டி முடிக்க வேண்டும். பின்னால் வரும் வேனில் ஏறினால் நாற்காலி கிடையாது. வேனை ஓட்டியவரும் அவரே.

வேண்டுதலைக்கூட நான் எண் போட்டு எழுதுகிறவன். முந்தின நாள் கோயிலில் மூன்று வைத்தேன். டயர் பஞ்சராகக் கூடாது. மழை கூடாது. காற்று மேற்கிலிருந்து அடிக்க வேண்டும். மூன்றும் பலித்தன. யாரோ முதுகில் கை வைத்துத் தள்ளுவது போல வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லைகளைக் கடந்து போனேன். 7.55க்குக் கோட்டை அடிவாரத்தில் நின்று மூன்றுக்கும் சரி போட்டேன்.

எல்லோரும் வந்து சிற்றுண்டி முடிந்ததும், 9.15க்கு நான் திரும்பினேன். காற்று திரும்பவில்லை.

ஒன்றரை மணி நேரத்தில் பதினோரு கிலோமீட்டர். மற்றவர்கள் கண்ணுக்கே தெரியவில்லை. புளியமரத்தடியில் சேகர் வேனை நிறுத்தினார். கையில் மசால் வடை.

“இன்னா மாமா, காத்து ஜாஸ்தியா?”

“மேற்காலருந்து அடிக்கணும்னு நான்தான் வேண்டிக்கினேன்.”

“ஆடி மாசத்துல அதை வேற தனியா வேண்டிக்கணுமா? சரி, திரும்பி வரதுக்கு?”

“மறந்துட்டேன்.”

சிரித்ததில் அவருக்கு வடை புரையேறியது. “ஏறிக்குங்க மாமா. உங்களுக்கு ஏதாவதுன்னா அக்கா என்னைத்தான் திட்டும்.”

வேன் கதவு திறந்தே இருந்தது. செல்வியின் முகம் நினைவுக்கு வந்ததும்தான் அந்த அழுகை. கண்ணை மூடினேன். இந்த முறை எண் போடவில்லை, திசை சொல்லவில்லை. “அண்ணாமலையானே, எனக்குக் கேட்கவே தெரியலை. நீயே பார்த்துக்கோ.”

கண் திறந்தபோது ஒரு டிராக்டர் எங்களைக் கடந்து கொண்டிருந்தது. பின்னால் வீட்டுச் சுவர் உயரத்துக்குக் கயிறு போட்டுக் கட்டிய வைக்கோல். எப்படியோ மிதித்து அதன் பின்னால் போய்ச் சேர்ந்தேன். காற்று நின்றுவிட்டது! கால்களுக்கு உயிர் வந்தது.

ஒரு வேகத்தடையில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். “யோவ், வைக்கோலை உருவறியா?”

“இல்லீங்க, காத்துக்கு ஒதுங்கறேன்! எதுவரைக்கும் போறீங்க?”

“திருணாமலை. கோசாலைக்கு.”

என் கண் மறுபடி நிறைந்தது. வேனிலிருந்து சேகர் கத்தினார்: “மாமா, கயித்தைப் பிடிச்சா செல்லாது!” என் இரண்டு கைகளும் ஹேண்டில்பாரில்தான் இருந்தன. கீழ்பென்னாத்தூரில் அவருடைய ஆலை ஆட்களே வெளியே வந்து கைதட்டினார்கள். என் மீசையெல்லாம் வைக்கோல்.

12.46க்கு டிராக்டர் கோசாலைப் பக்கம் திரும்பியது. அவ்வளவு நேரமும் வைக்கோலைத் தவிர எதையும் பார்க்காத என் கண்ணுக்கு முன்னால் மலை முழுதாக நின்றது. 12.54க்குப் பள்ளி வாசலைத் தொட்டேன்.

புதன்கிழமை நாற்காலி வந்தது. செல்வி முதலில் ஏற்றியது சேகரின் கால்மேல்தான். “ஓரம் போங்க சார்!” என்று அதட்டவும் செய்தாள்.

இப்போதும் நாட்குறிப்பில் வேண்டுதல் பக்கம் உண்டு. அதில் ஒரே வரிதான், எண் இல்லாமல்: நீயே பார்த்துக்கோ.

அன்பர்களே, நீங்களும் அவரிடம் விட்டுப் பாருங்கள். சாலையில் உங்கள் முன்னால் ஏதாவது வண்டி மெதுவாகப் போனால், ஹாரன் அடிக்குமுன் கொஞ்சம் யோசியுங்கள். அது உங்களுக்காக அனுப்பப்பட்டதாக இருக்கலாம்.