பதினேழாவது சஹ்ஹா

டலெண்டா படித்தது தையல். கணினியைக் கைபேசி பழுதுபார்க்கும் கடை ஒன்றில், உடைந்ததைப் பிரித்துப் பிரித்துக் கற்றுக்கொண்டாள். நகராட்சியின் கணினி அறையில் உட்கார்ந்து பதினான்கு வருடமாகிறது. எதையும் இரண்டு முறை சரிபார்க்காமல் விடமாட்டாள்.

துனிசியாவில் ஸ்ஃபாக்ஸ் நகரத்துக்குத் தெற்கே இருக்கும் அந்தச் சிற்றூரில், வருடத்துக்கு ஒரு பொதுப்பணியை மக்களே இணையத்தில் வாக்களித்துத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த வருடம் போட்டி இரண்டு பணிகளுக்கு இடையே. டலெண்டா குடியிருக்கும் கொல்லர் தெருவின் திறந்த சாக்கடையை மூடுவது ஒன்று. கடற்கரைச் சாலைக்கு விளக்குப் போடுவது இன்னொன்று. போன வருடம் தானாக வாக்குப் போடும் நிரல் ஒன்று நுழைந்து எல்லாவற்றையும் கெடுத்திருந்தது. பேருந்துப் படத்தைத் தொடச் சொல்லும் சோதனையில் தோற்றது வயதானவர்கள்தான், நிரல் தேறிவிட்டது.

இந்த முறை டலெண்டா வாக்குப் பக்கத்தின் வாசலில் ஒரே ஒரு கேள்வியை நிறுத்தினாள்: 'முடி வெட்டிக்கொண்டு வந்தவரிடம் என்ன சொல்வீர்கள்?'

'சஹ்ஹா', நலமாயிரு, என்று சொல்லாதவர் அந்த ஊரில் யார்? ஆனால் கைபேசியில் பிரெஞ்சு எழுத்தில் அந்த அரபுச் சொல்லை ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள். தொண்டையிலிருந்து வரும் அந்த 'ஹ'வுக்கு 7 என்ற எண்ணைப் போடுவார்கள் சிலர், போடமாட்டார்கள் சிலர். சந்தையிலும் ரொட்டிக்கடையிலும் கேட்டுக் கேட்டு முப்பத்திரண்டு வடிவங்களைத் தாளில் சேர்த்தாள். அவற்றில் ஒன்றை எழுதினால்தான் வாசல் திறக்கும். விடுபட்டதைச் சொல்லும்படி எதிர் மேசை ஷெத்லிக்கு ஒரு பிரதி கொடுத்தாள். தன் தாளின் கீழே, பிரதி வாங்கியதற்குத் தேதியோடு கையெழுத்தும் கேட்டாள்.

"இது என்ன கல்யாணப் பத்திரமா தங்கச்சி?" என்று சிரித்துக்கொண்டே போட்டான். பதினோரு வருடமாக ஒரே காபியைப் பங்கிட்டுக் குடிப்பவர்கள்.

கணினியில் ஏற்றும்போதுதான் பார்த்தாள். பதினேழாவதில் 7க்குப் பதில் 9 எழுதியிருந்தாள். 9 போடுவது வேறோர் அரபு எழுத்துக்கு. அப்படிப் போட்டால் அது சொல்லே இல்லை. கணினியில் திருத்தினாள். இரண்டு தாள்களையும் திருத்தாமல் விட்டுவிட்டாள்.

மூன்றாம் நாள் காலை, பின்தங்கியிருந்த விளக்குக்கு மளமளவென்று வாக்கு ஏறியது. பதில்களைத் திறந்தாள். மனிதர்கள் எழுதினால் நாலைந்து வடிவம்தான் திரும்பத் திரும்ப வரும். இங்கே முப்பத்திரண்டும் அவள் எழுதிய வரிசையிலேயே சுற்றிச் சுற்றி வந்தன. ஒவ்வொரு சுற்றிலும் பதினேழாவது மட்டும் வாசலில் அடிபட்டுத் திரும்பியது. அதில் 9 இருந்தது.

அந்த 9 இரண்டே தாள்களில்தான் உண்டு. ஒன்று அவள் இழுப்பறையில்.

வெளியே காவல்காரர் "சஹ்ஹா!" என்று கத்துவது கேட்டது. ஷெத்லி புதிதாக முடி வெட்டிக்கொண்டு உள்ளே வந்தான்.

"தாளை யார்கிட்ட குடுத்தே?"

"எந்தத் தாள்?"

"ஷெத்லி."

அவன் உட்கார்ந்தான். "மச்சான் கடற்கரையில காப்பிக்கடை போட்டிருக்கான். இருட்டுல எவன் வருவான்? நான் என்ன கொலையா பண்ணிட்டேன்?"

"எங்க தெருப் பிள்ளைங்க அந்தச் சாக்கடையில விழுதுங்க."

"அடுத்த வருஷம் மூடிக்கலாம்." குரலைத் தாழ்த்தினான். "இங்க பாரு தங்கச்சி, நீ அந்தத் தெருக்காரி. விளக்கு வாக்கை நீ அழிச்சா, திருடி நீதான்னு ஊர் சொல்லும். அதனால நீ வாயைத் திறக்கமாட்டேன்னுதான்..." மீதியை விழுங்கினான்.

அதையும் யோசித்துத்தான் செய்திருக்கிறான். தாளைக் கொடுத்ததைவிட அதுதான் அவளைச் சுட்டது.

"உன் தாளைக் கொண்டா."

"தொலைஞ்சு போச்சு."

"போகட்டும். என்னோடதுல உன் கையெழுத்து இருக்கு."

இழுப்பறையைத் திறந்து தாளை எடுத்தாள். திரும்பி வந்த பதில்களின் பட்டியலை அச்சிட்டு அதோடு சேர்த்தாள். தேர்தல் குழுவுக்கு எழுதிய கடிதத்தில் தன் பிழையை முதலில் எழுதினாள், அவன் பெயரை அடுத்து. எழுதியதை இரண்டு முறை படித்தாள்.

அவள் எழுந்தபோது ஷெத்லி, பழக்கத்தில், பின்கழுத்தைத் தடவிக்கொண்டு அவளையே பார்த்தான். பதினோரு வருடத்தில் அவன் முடி வெட்டி வந்த ஒரு நாளும் அவள் அந்தச் சொல்லைத் தவறவிட்டதில்லை.

தாள்களை மடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவனைக் கடந்து குழுவின் அறைக்குப் போனாள்.